அந்தப் புகைப்படத்தில் இருப்பது உன் முதுகு

என் பேச்சைத் தவிர ஊரில் எல்லார் பேச்சையும் கேட்ட என் பிரியமான அண்ணனுக்கு,

உனக்கு ஒரு சேதி. உளவாளிப் படத்தின் ஆறாம் பாகம் வெள்ளிக்கிழமை வெளிவந்துவிட்டது. செங்கல்பட்டில் காலைக் காட்சிக்கே கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கட்அவுட்டில் நாயகன் போட்டிருந்தது நீ கடைசியாகப் போட்டிருந்த அதே சாம்பல் நிறக் கோட்டு.

உனக்குத் தெரிந்ததையே இதில் திரும்பவும் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. தெரியாத நாலு பேரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஒரு தினசரியின் செங்கல்பட்டு அலுவலகத்தில் பக்கம் தயாரிக்கிறவள். வெள்ளிக்கிழமை சினிமா இணைப்பு என் பொறுப்பு. நீ மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில், கடலில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் லைஃப் கார்டாக இருந்தாய். நம் இரண்டு பேர் வேலையும் ஒரே படத்தில் வந்து முட்டிக்கொள்ளும் என்று யார் நினைத்தது?

அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் எழுதாத நாள் இல்லை. ஒரு பாகம் முடிந்தால் ‘அடுத்த உளவாளி யார்?’ என்று வாசகர் போட்டி. ஆள் முடிவானதும் அவர் உடம்பை ஏற்றிய கதை, வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார், கசிந்துவிட்டதாகச் சொல்லி அவர்களே அனுப்பும் புகைப்படம். கடைசியில் ஒரு வரி: ‘டூப் போடாமல், உயிரைப் பணயம் வைத்து நடித்தார்.’ படக் கம்பெனிக் குறிப்பில் அந்த வரி இல்லாவிட்டாலும் பழைய பக்கத்திலிருந்து நானே எடுத்து ஒட்டிவிடுவேன். பழக்கதோஷம்.

நீ ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அதைப் படித்துவிட்டுப் போன் செய்வாய். “இன்னா மாலு, போன பாகத்துக்குப் போட்ட சேதியவே பேரை மாத்திப் போட்டுக்கீறீங்க? கேக்கறவன் கேனையனா இருந்தா கேவுருல நெய் வடியுதுன்னு சொல்லுவீங்களே!” நானும் சிரிப்பேன். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் படப்பிடிப்பு மாமல்லபுரத்துக்கே வந்தது. உன் விடுதியில்தான் தங்கினார்கள். உன் உயரமும் தோளும் நாயகனைப் போலவே இருந்தன, உனக்குக் கடலில் பயமும் இல்லை. ஓடுகிற படகிலிருந்து கோட்டு, பூட்ஸோடு குதிக்க உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் புதன்கிழமை நீ போன் செய்தபோது உன் குரலில் அவ்வளவு குஷி.

“மாலு, போட்டோ வரும் பாரு. படகுலேர்ந்து ஒர்த்தன் பறந்துகினு கீறான்ல, அது நான்தான். பேரு கீரு போட்றாத, யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்க.”

“உன் மூஞ்சி தெரியாதாண்ணா?”

“முதுகுதான். அதுவே போதும், போ.”

அரை மணி நேரத்தில் புகைப்படம் வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம்ம ஊர்க் கிணற்றில் படிக்கட்டு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இடிக்காமலிருக்க வலது முழங்காலை மடக்கிக்கொண்டு குதிக்க வேண்டும். செய்யூர்ப் பக்கத்து அந்தச் சின்னக் கிராமத்துக்காரர்களைத் தவிர யாரும் அப்படிக் குதிப்பதில்லை. லட்சம் பேர் பார்க்கப் போகும் புகைப்படத்தில் நீ கிணற்றில் குதிப்பது போல முழங்காலை மடக்கியிருந்தாய். நான் தனியாகச் சிரித்துக்கொண்டே, புகைப்படத்துக்குக் கீழே நாயகன் பெயரைப் போட்டு, ‘டூப் போடாமல்’ என்ற வரியையும் ஒட்டினேன்.

எங்கள் இணைப்பு புதன்கிழமையே அச்சாகிவிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு உலகமே புரண்டாலும் அதில் ஒரு எழுத்தை மாற்ற முடியாது.

மறுநாள் வியாழக்கிழமையும் உன்னைக் குதிக்கக் கூப்பிட்டார்கள். கடல் சரியில்லை என்று நீயே சொன்னாயாமே? முதல் மூன்று முறை குதித்ததிலும் அலை மறைத்துவிட்டது என்று நான்காம் முறை குதிக்கச் சொன்னார்களாம். கோட்டு தண்ணீரை வாங்கிக்கொண்டது. எத்தனை பேரைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தவன் நீ. உன்னை இழுக்க அங்கே ஒருவரும் இல்லை. காமிரா இருந்த படகில் படகோட்டியைத் தவிர யாருக்கும் நீந்தத் தெரியாதாம். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்குக் கம்பெனி மேனேஜர் வந்தார். கைகூப்பிக்கொண்டே பேசினார். “ஷூட்டிங்னு எழுதினா பெர்மிஷன், விசாரணைன்னு இழுத்துரும்மா. பாடி எப்ப வரும்னு சொல்ல முடியாது. மீன் பிடிக்கப் போனாருன்னு எழுதிட்டா சாயங்காலமே எடுத்துனு போயிடலாம். ஷூட்டிங் பத்தி வெளிய சொல்ல மாட்டேன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறாரு, பாருங்க.” தேவி அண்ணி உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் காட்டிய இடத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். உன்னை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாவட்டச் செய்திப் பக்கம் பார்க்கிறவர் எனக்குப் போன் செய்தார். “மாலதி, கடல்ல ஒருத்தர் போயிட்டாராமே, உங்க ஊர்க்காரராமே, எப்படிப் போடறது?” என்றார். நான் உன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. “மீன் பிடிக்கப் போனவர் மூழ்கிட்டார்னு போட்டுடுங்க சார்” என்றேன். குரல் கூட நடுங்கவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் பிறந்த நீ வலையைத் தொட்டதுண்டா? எது வஞ்சிரம், எது சீலா என்று மார்க்கெட்டில் அண்ணியைக் கேட்கிற ஆள் நீ.

வெள்ளிக்கிழமை காலை பேப்பர் வந்தது. உள்ளே மூன்று வரியில் மீன் பிடிக்கப் போய்ச் செத்தவன் நீ. இணைப்பில் அரைப் பக்கத்துக்கு வண்ணத்தில் பறப்பவனும் நீ, அதற்கு வேறொருவர் பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளும் நான், பரிமாறியவளும் நான்.

உன் காரியம் முடிந்து உன் மகள் யாழினி பள்ளிக்கூடம் போனாள். அந்த அரைப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்து எடுத்துப்போய், “இது எங்க அப்பா” என்று வகுப்பில் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் கீழே இருந்த பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டி, “உங்க அத்தைதானே இந்தப் பேப்பர்ல இருக்காங்க, அவங்களையே கேளு” என்றாராம். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள்.

“அத்தே, காலை மடக்கிக்கினு குதிக்குது பாரு. அப்பாதான?”

“இல்லடா. அது அந்த நடிகர்.”

சொல்லிவிட்டேன் அண்ணா. வேலை போய்விடும், பொய்யாக எழுதிக் கொடுத்தாள் என்று கம்பெனிக்காரன் அண்ணியை ஸ்டேஷனுக்கு இழுப்பான், ஒன்பது வயதுப் பிள்ளை நாலு பேரிடம் சொல்லிவிடும். எல்லாப் பயமும் ஒரே நேரத்தில் வந்தன. அவள் அந்தப் பேப்பரை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். “அப்ப எனக்கு வேணாம்” என்றாள். வகுப்பில் அவளுக்குப் ‘பொய்க்காரி’ என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள். ஒரு வருஷமாக அந்தப் பேர் நிற்கிறது. அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றி என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

உன் முதல் நினைவு நாளும் படம் வெளியாகும் நாளும் ஒன்றாகவே வந்தன. சிறப்பு இணைப்பு போடச் சொன்னார்கள், ஆறு பாகத்தின் சாகசங்களும் ஒரே பக்கத்தில். உன் முதுகை மறுபடி அனுப்பியிருந்தார்கள். இணைப்பில் நான் கைவைத்தால் ஆசிரியர் பார்த்துவிடுவார். ஆனால் நினைவஞ்சலி விளம்பரத்தை எங்கள் பேப்பரில் யாரும் படித்துத் திருத்துவதில்லை. ‘வானுறையும் தெய்வமே’ என்றோ வேறு என்னவோ, கொடுத்ததைக் கொடுத்தபடி போடுவார்கள். அந்த வழியாக உன்னை உள்ளே நுழைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

விளம்பரப் பகுதி அண்ணாத்தை புகைப்படத்தைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? அஞ்சலின்னா மூஞ்சி தெரியற போட்டோ குடு. முதுகைப் போட்டு எவனாவது அஞ்சலி குடுப்பானா?”

“எங்க அண்ணனுக்கு இதான் போட்டோ. கீழ எழுதியிருக்கறதப் படிங்க.”

படித்தார். உளவாளிப் படத்துக்காக நாயகனுக்குப் பதில் கடலில் குதித்து உயிர்விட்ட குமரேசனுக்கு என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேஜாரு பண்ணாத மாலதி. எனக்கும் புள்ளக்குட்டி கீது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தாளை ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போனார்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் உன் ரேஷன் கார்டுப் புகைப்படத்தோடு ‘அகால மரணமடைந்த’ என்று அஞ்சலி வந்தது. இணைப்பில் உன் முதுகும் வந்தது, அதே பெயரோடு. இந்த முறையும் அந்தப் பக்கத்தைத் தயாரித்தது நான்தான். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அன்றுகூட எனக்கு வரவில்லை.

இந்தக் கடிதம் எங்கள் பேப்பரில் வராது. ஒரு சின்ன மாத இதழ் போடுவதாகச் சொல்லியிருக்கிறது. வந்த பிறகு எனக்கு அங்கே நாற்காலி இருக்காது, தெரியும். அண்ணியிடம் கேட்டேன். “எழுது. கையெழுத்து போட்டவ நானு, என் பேரையும் சேத்து எழுது. ஷ்டேஷனுக்கு இட்டுனு போனா போவட்டும்” என்றாள்.

நேற்று மாமல்லபுரம் போய் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “அப்ப அன்னிக்கு ஏன் இல்லைன்ன?” என்று கேட்டாள். பயமாக இருந்தது என்றேன். அவள் சொன்னாள்: “நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ வந்து கிளாஸ்ல சொல்லு.”

நாளைக்குத் திங்கட்கிழமை. முதல் பிரிவேளைக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு வாசலில் நிற்பேன். டீச்சர் இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, அந்தப் பொய்க்காரி நான்தான் என்று சொல்லிவிட்டு வருவேன். இது உன் மேல் சத்தியம் அண்ணா.

யாழினியின் அத்தை,
உன் தங்கை மாலதி