தள்ளாமலே கிளம்பிய வண்டி

அண்ணே,

புது வண்டியின் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. இன்று காலை கதவைத் திறந்ததும் பெயிண்டும் ரப்பரும் ரெக்சினும் சேர்ந்த அந்தப் புது வாடை முகத்தில் அடித்தது. உங்கள் பழைய வண்டிக்குள் டீசலும் ஈர ஹோஸும்தான் நாறும். ஓட்டுநர் இருக்கையில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று தண்ணீர் வண்டி. இன்னொன்று மீட்பு வண்டி. கிணற்றில் விழுந்தவரைத் தூக்கும் முக்காலி, அதற்குக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், நசுங்கிய லாரியை வெட்டும் கருவி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, கொடியசைத்து, எல்லோரும் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தீயணைப்பு வண்டியை அவ்வளவு நேரம் பந்தலுக்குள் மாட்டி வைப்பார்களா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே சிரித்திருப்பீர்கள்.

இந்த வண்டிகள் அன்று இல்லாததால்தானே நாம் சண்டை போட்டோம். நீங்கள் ஓட்டுநர், நான் மெக்கானிக். வருடாந்திரச் சோதனையில் பழைய வண்டிக்கு ‘தகுதியற்றது’ என்று எழுதி வைத்தேன். அன்று மதியமே வியர்வையில் தொப்பட்டையாக நனைந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தீர்கள்.

“ஏனுங்க தம்பி, வண்டி ஆகாதுன்னு எழுதிப்போட்டீங்களாமா?”

“ஆகாதத ஆகாதுன்னுதாண்ணே எழுத முடியும். செல்ஃப் எடுக்கல. பிரேக்குல காத்து நிக்கல. அம்புட்டுத் தண்ணிய ஏத்திக்கிட்டு எந்த நம்பிக்கையில போறது?”

“செரி. இதை ஓரங்கட்டிட்டா புது வண்டி நாளைக்கே வந்துருமுங்களா?”

“அது என் வேலை இல்ல.”

“அப்பொ ஊடு தீப்பிடிச்சு நிக்கறவங்ககிட்ட அதையே சொல்லிப்போடுங்க. என்ற வேலை இல்லீங்கன்னு.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீங்கள் சொன்னதும் உண்மை. இந்த வண்டி போனால் அடுத்தது வேறு ஊரிலிருந்துதான் வர வேண்டும். அதற்குள் கூரை தரையில் கிடக்கும். காகிதத்தைக் கிழித்தேன். புதிதாக ஒன்றில் ‘சிறு பழுதுகள் நீக்கப்பட்டன, ஓடத் தகுதியானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீக்கியது உண்மைதான். அந்த மாடலுக்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்காததால் ஒரே வாரத்தில் பழுது திரும்பி வந்ததும் உண்மைதான்.

அதன் பிறகு இரண்டு வருடம், மணி அடிக்கும்போதெல்லாம், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வாசலுக்கு ஓடினேன். மற்ற இடங்களில் மணி அடித்தால் ஆட்கள் வண்டிக்குள் ஏறுவார்கள். நம் ஆட்கள் நான்கு பேர் வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். நீங்கள் எப்போதும் அதைச் சரிவைப் பார்த்தே நிறுத்தி வைப்பீர்கள். கட்டையை எடுத்து ஒரு தள்ளு தள்ளினால் உருளும். நீங்கள் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட, அது இருமிக்கொண்டே உயிர் பெறும். பிறகு அவர்கள் ஓடி வந்து தொற்றிக்கொள்வார்கள். நான் ஷெட் வாசலில் நின்று, அது திரும்பி வரும்வரை எந்த வேலையும் ஓடாமல் கிடப்பேன்.

கொடைரோடு பக்கம் வைக்கோல் போர் எரிந்த அன்று, பாதி வழியில் பிரேக் சுத்தமாகப் போய்விட்டது. முன்னால் ஒரு மினி பஸ். நீங்கள் வண்டியைச் சாலையோரத்து மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினீர்கள். காற்றுக் குழாயைக் கம்பியால் கட்டிக்கொண்டு, போய்த் தீயையும் அணைத்துவிட்டே திரும்பினீர்கள். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டு நான் வந்தபோது நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். டம்ளர் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது.

“நான் போட்ட கையெழுத்துண்ணே. அஞ்சு பேர் போயிருப்பீங்க,” என்றேன்.

“உங்க கையெழுத்த நம்பியா தம்பி நான் ஓட்டறேன்? எந்த ரோட்டுல எங்க மணல் கொட்டியிருக்குது, எங்க கரும்புக்காடு இருக்குதுன்னு என்னையக் கேளுங்க, சொல்றேன். தெனமும் பாத்து வெச்சுக்கறனுங்க.”

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. பயம்தான் கூடியது. பிரேக் இல்லை என்று தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறீர்கள்.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தொப்பம்பட்டியில் உங்கள் வீட்டில், தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘வண்டியில் போகவில்லை’ என்ற நிம்மதிதான் வந்தது. உங்கள் காலடியில் மாலையை வைக்கும்போதும் அந்த நிம்மதி போகவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களப் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பாருங்க, கோவக்காரப் பையன்னு,” என்றார். அப்போதுதான் அழுதேன்.

புது வண்டிகளுக்கு முதல் அழைப்பு வந்த கதையைக் கேளுங்கள். தாடிக்கொம்பு பக்கம் மோட்டாரைச் சரி செய்யக் கிணற்றில் இறங்கியவர் வழுக்கி விழுந்து, கால் முறிந்து உள்ளே கிடந்தார். மணி அடித்தது. புது ஓட்டுநர் சாவியைத் திருப்பினார், தண்ணீர் வண்டி ஒரே உறுமலில் கிளம்பிப் போய்விட்டது. நம் ஆட்கள் நான்கு பேரும் பின்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள்!

“ஏலே, எங்கள விட்டுட்டு எங்கடா போற?”

வண்டி கேட்டருகே நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “பின்னால என்னண்ணே பண்றீங்க நாலு பேரும்?”

“பழக்கம்லே! வண்டின்னா தள்ளணும்ல!”

மீட்பு வண்டியில் விஞ்சைப் பார்க்க ஏறியிருந்த நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கிணற்றடியில் முக்காலியை நிறுத்தி, ஒருவரை இறக்கி, அடிபட்டவரைக் கட்டி மேலே எடுக்கும்வரை யார் கையும் கயிற்றில் கிழியவில்லை. மேலே வந்ததும் அந்த ஆள், “என் செல்லு உள்ளயே கெடக்கு சார்,” என்றார். “அது கெடக்கட்டும்யா, நீ வந்துட்டீல்ல,” என்றார் நம் ஆள்.

போன வாரம் பழைய வண்டியைக் கழிக்கும் படிவம் என்னிடம் வந்தது. காரணம் எழுத ஒரு கட்டம். ‘பழமை’ என்று ஒரு சொல் போதும் என்றார் அலுவலர். நான் பிரேக், செல்ஃப், காற்றுக் கசிவு எல்லாவற்றையும், எப்போதிலிருந்து என்பதோடு எழுதினேன்.

“இதுக்கு நீயேதானப்பா ஓகே போட்டுருக்க? கேள்வி உன்னத்தான் கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். சொல்றேன்.”

அந்த வண்டி அந்த இரண்டு வருடத்தில் அணைத்த தீயையும் சேர்த்துத்தான் சொல்வேன். நீங்கள் செய்தது சரி. நான் முதலில் எழுதியதும் சரி. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

இப்போதும் பஸ்ஸில் போனால் என் கண் சாலையோரத்தில் மணலைத் தேடுகிறது. அது போகாது போலிருக்கிறது, போக வேண்டாம். மற்றபடி, நேற்று மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது மணி அடித்தது. வண்டி கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை, அண்ணே. தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் எடுத்துப் போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்தேன்.