நீலாவதி வாங்கிய ஸ்டவ்

1974 ஜூன் 3, திங்கள்

பெரிய பேரன் குழந்தைவேலு கப்பலில் வயர்லெஸ் ஆபீசர். சின்னவன் பி.எஸ்ஸியில் முதல் வகுப்பு. பேத்தி பூங்கோதை கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் காலேஜ் வாத்தியார். மிஷினில் செய்கிற சாமான் எதுவானாலும் கைக்கு எப்படி அடங்க வேண்டும், ஆபத்தில்லாமல் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டும் படிப்பைச் சொல்லித் தருகிறாளாம். அந்தத் தொழில்காரர்களின் சங்கத் தலைவர் தேர்தலில் இந்த வருடம் அவளும் நிற்கிறாள். அவள் வரைந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் நம் தீவு பஜாருக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நீலாவதியை நான்தான் வாங்க வைத்தேன்.

ஜூன் 12

கப்பலில் பூங்கோதை கடிதம் வந்தது. எண்ணெய் பொங்காமலிருக்க அவள் வைத்த மூடியைக் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டானாம். யாரும் வாங்காதீர்கள் என்று பத்திரிகையில் எழுதிவிட்டாள். காலேஜுக்குக் கட்டடம் கட்டித் தருவதே அந்தக் கம்பெனிதான். எழுதியது தப்பு என்று கையெழுத்துப் போடு, இல்லையேல் வேலையை விடு என்கிறார்களாம். என்ன செய்யட்டும் அப்பத்தா என்று கேட்டிருக்கிறாள்.

"இந்த வேலைய விட்டா வேறெது கெடைக்கும் ஆத்தா?" என்றான் ஜெயராமன், அவள் அப்பன்.

கையெழுத்தைப் போட்டுவிடு என்று எழுதினேன்.

நீலாவதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 14

கடிதம் கப்பலேறியது.

ஜூன் 17

ஸ்டவ் பொங்கி நீலாவதிக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"ஒங்க பேத்தி அடுப்பு பாக்க ஷோக்காத்தான் இருக்கு பெரியம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் புருஷன் சிரிக்கவில்லை.

ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? எதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்தேன்? எம் பேத்தி பேரு கெட்டுப்போகும்னா?

ஜூன் 18

'கையெழுத்துப் போடாதே' என்று ஜெயராமனைத் தந்தி கொடுக்கச் சொன்னேன்.

"லெட்டர்ல போடுன்னு எழுதியிருக்கியே."

"தந்தி முந்திப் போயிரும்ல."

"லெட்டர் பிந்திப் போகுமே ஆத்தா. கடைசியா வந்ததத்தானே நம்பும் பிள்ளை?"

எனக்கு அது தோன்றவேயில்லை. கடிதத்துக்குப் பிறகு கொடுத்தது என்று அவளுக்குப் புரியட்டும் என்று, நீலாவதிக்குக் கை வெந்ததையும் தந்தியில் சேர்க்கச் சொன்னேன்.

ஜூலை 9

கடல் சரியில்லை. கப்பல் இல்லை.

ஜூலை 21

கப்பலில் கடிதம் வந்தது. பூங்கோதை கையெழுத்துப் போடவில்லை. வேலையை விட்டுவிட்டாள். 'தேதியப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன் அப்பத்தா. ரெண்டும் வர்றதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். நிஜம்தானா? எனக்கு மனசு நோகக்கூடாதென்று எழுதினாளா?

ஆகஸ்ட் 5

ஸ்டவ் ஆபத்து என்று எனக்கு முன்பே தெரியும் என்பதையும், பூங்கோதை வேலையை விட்டதையும் நீலாவதியிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 30

தந்தி வந்தது. பூங்கோதைதான் சங்கத் தலைவர். சம்பளம் கிடையாது. இன்னும் வேறு வேலையும் அமையவில்லை.

வாசலில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் 4

நீலாவதி தானே வந்தாள். கையில் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. "வேலைய விட்ட அந்தப் பொண்ணு எப்படி இருப்பா பெரியம்மா? நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

வீட்டில் இருக்கிற போட்டோ பள்ளிக்கூடத்தில் எடுத்தது, ரெட்டைச் சடை. அதைக் காட்ட மனசில்லை. பூங்கோதைக்கு எழுதிவிட்டேன்: இப்போது இருக்கிறபடிக்கே புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. இரண்டாக அனுப்பு. ஒன்று நீலாவதி வீட்டுக்கு.