பாய்லரின் அடித்தண்ணீர்

தை 18, செவ்வாய்

ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரை இன்று திறந்து பார்த்தோம். உள்ளே குழாய்களைச் சுற்றி விரல் கனத்துக்கு உப்பு. தண்ணீர் சுழல வழியே இல்லை. எவ்வளவு உமி போட்டாலும் ஆவி ஏறாததற்குக் காரணம் அதுதான்.

"போர் தண்ணி உப்புப்பா. அதுக்கு நீ என்ன பண்ணுவ? அங்கிட்டு வேலியோரமாப் புதுசா ஒரு போர் போட்ருவோம்" என்றார் முதலாளி.

தினமும் பாய்லரின் அடித்தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் உப்பு தங்கியிருக்காது. கொதித்த தண்ணீர் வீணாகிறதே என்று ஆறு மாதமாக நான் திறக்கவில்லை. உமி மிச்சமானது. அதை மெச்சித்தான் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க, தண்ணி சரியில்லைங்க" என்றுதான் வந்தது.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம் வரவில்லை. நாளைக் காலை புது போருக்குப் பூஜை. தேங்காயை என் கையால்தான் உடைக்க வேண்டுமாம்.