பதினோராவது முறை கதவு திறந்தால்

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் குளிர்பெட்டிப் பிரிவுக்கு மாற்றி மூன்று வாரம். நான்கு வருடம் ஜாவா மொழியில் நிரல் எழுதியவளுக்கு சி மொழி என்ன பெரிய விஷயம் என்றுதான் அனுப்பினார்கள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாம் தெரிந்தவைதான். அதுதான் சங்கடம் – தெரிந்த முகம், வேறு ஆள்.

"அதான் ஒண்ணு தெரியுமே, மறுபடி என்னடி பாடம்? பரீட்சைக்குப் போறவ மாதிரி மூஞ்சிய வச்சிருக்க" என்றாள் அம்மா. பரீட்சைதான். இருபதாம் தேதி இந்தப் பிரிவில் என்னை நிரந்தரமாக்குவார்களா என்று தெரிந்துவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

என் நிரல் சோதனையில் தேறியது. கதவு கடைசியாகத் திறந்த பத்து நேரங்களைக் குறித்துவைக்கும்; உள்ளே சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கும். பன்னிரண்டு பெட்டிகள் அடுத்த வாரம் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. எங்கள் குழுத்தலைவர் டாணென்று எட்டுக்கு வருவதால் எல்லோருக்கும் அவர் எட்டுமணி. "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது மாலை மரியாதை.

மார்ச் 12, வியாழன்

பேக்கிங் அக்கா தன் தண்ணீர் பாட்டிலை மாதிரிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார். இன்று என்னைத் தேடி வந்தார். "கண்ணு, உன் பொட்டி ஊமையா? கதவு சரியா மூடல, தண்ணி வெந்நீராவே ஆயிடுச்சு, ஒரு சத்தம் காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டுமணி சென்சாரை மாற்றி, பெட்டியை மறுபடி இயக்கினார். மணி அடித்தது. "சென்சார்தான்." நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்கக்கா?"

"தாகம் எடுக்கறப்பல்லாம். எண்ணிக்கிட்டா இருப்பேன்?"

மார்ச் 13, வெள்ளி

தப்பு சென்சாரில் இல்லை, என் வரிதான். நேரங்களுக்கென்று நினைவகத்தில் பத்துக் கட்டங்கள். பதினோராவது முறை கதவு திறந்தால் பத்தையும் தாண்டி அடுத்த கட்டத்தில் எழுதுகிறது. அங்கேதான் வெப்ப எல்லை இருக்கிறது. எட்டு டிகிரி இருந்த இடத்தில் நேரத்தைக் குறிக்கும் ஏதோ ஒரு பெரிய எண். அதன்பிறகு பெட்டி கொதித்தாலும் மணி அடிக்காது. அணைத்துப் போட்டால் எல்லை பழையபடி எட்டாகிவிடும்; நேற்று மணி அடித்தது அதனால்தான். சோதனையில் கதவை ஆறு முறைதான் திறந்தார்கள்.

ஜாவா என்றால் அங்கேயே நின்று கத்தியிருக்கும். யாராவது கத்துவார்கள் என்றே நான்கு வருடம் எழுதிப் பழகியிருக்கிறேன். சி ஒன்றும் சொல்வதில்லை.

ஒரேயொரு சமக்குறியை எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் பன்னிரண்டையும் பழைய நிரலோடு கட்டி வைத்தாயிற்று. பிரிக்கச் சொன்னால் ஏன் என்பார்கள். இன்னும் ஒரே வாரம். பேசாம இருந்துடலாமா? யாருக்குத் தெரியப்போகுது – எனக்குத் தெரியுமே.

மார்ச் 14, சனி

என்னடி ஆச்சு என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். தலைவலி என்றேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். எட்டுமணியின் கண்முன்னே கதவைத் திறந்து திறந்து மூடினேன். அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார், ஒன்பதில் நிறுத்திவிட்டார். பதினொன்றுக்குப் பிறகு கதவைத் திறந்தே விட்டோம். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது. மணி அடிக்கவில்லை.

"எப்போ தெரிஞ்சது?"

"வெள்ளிக்கிழமை."

"மூணு நாள்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பேக்கிங் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். "கட்டினதும் நானே, அவுக்கறதும் நானே. நல்லா இருக்கு கண்ணு உன் கம்ப்யூட்டரு."

மார்ச் 20, வெள்ளி

நிரந்தரமாக்கவில்லை. மூன்று மாத நீட்டிப்பு. அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். "தலைவலின்னு எங்கிட்ட ஏண்டி பொய் சொன்ன?" என்றாள்.

மார்ச் 25, புதன்

திருத்திய பெட்டிகள் போயின. மாலையில் எட்டுமணி, தான் எழுதிய நிரலை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். "தப்பு இருக்கான்னு பாருங்க. பாவம்னு விட்டுடாதீங்க."

ஏழாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். இன்னும் பதினான்கு பக்கம் இருக்கிறது.