தண்ணீரில் கண்டம்

2009 மே 19, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு கிரேக்க நாடகம் படித்தோம். குறி சொன்னது பலித்துவிடுமென்று ஊரைவிட்டு ஓடுகிற அரசன், ஓடிப்போன இடத்திலேயே அதில் விழுகிறான். பக்கத்திலிருந்த தமிழ்ப் பிள்ளை கேட்டாள்: "ஏன் அக்கா ஓடினவன்? பேசாம இருந்திருக்கலாமே."

தம்பிக்குத் தண்ணீரில் கண்டமென்று சாதகத்தில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவன் இந்தியாவுக்குப் படகேற நின்றபோது, இந்த வெளிநாட்டிலிருந்து போனில் அழுது மறித்தவள் நான். "சரியக்கா, நான் போகேல்லை" என்றான்.

சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஒரு மாதமாக அவனிடமிருந்து அழைப்பில்லை. இதைச் சொல்லி அழ இந்த வீட்டில் ஆளுமில்லை. கடைசியாக முள்ளிவாய்க்காலில் இருந்து பேசினான்.

"ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. எங்க பாத்தாலும் தண்ணிதான் அக்கா."