குளத்தில் எத்தனை லிட்டர்

பிப்ரவரி 3

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் பக்கம் தப்பிருந்தால் அதையும் அடித்து மறைக்க மாட்டேன். முதல் உண்மை: எனக்கு அப்பா மேல் கோபம்.

எங்கள் தோட்டக் குளத்தில் ஒன்பது மீன்கள். நான்கின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உரசி உரசி நீந்துகின்றன. 'ஹெச்.எம்.'முக்கும் வந்துவிட்டது. எல்லாரையும் ஒரு சுற்று மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் அது சாப்பிடவே வரும். அதனால் அந்தப் பெயர். மீன் கடைக்காரர் மருந்து கொடுத்து, "நூறு லிட்டருக்கு ரெண்டு மில்லி. கூடிட்டா மீன் தாங்காது. குளம் எத்தனை லிட்டர்?" என்றார். அப்பா விழித்தார்.

அப்பா தையல்காரர், முன்னறைதான் கடை. வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு நேராகக் குளத்துக்குப் போனார். கரைக்கல்லின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை பிடித்தார்.

"நீளம் மூணு மீட்டர், அகலம் ரெண்டு, ஆழம் ஒண்ணு. ஆறாயிரம் லிட்டர். முடிஞ்சுது."

அவர் சொன்ன மூன்று, டேப்பில் இரண்டு தொண்ணூறு. ஆழம் தொண்ணூறு சென்டிமீட்டர்தான், அதுவும் கல்லின் தலையிலிருந்து. சொன்னேன்.

"கொஞ்சம் லூஸ் விட்டுத்தாம்மா வெட்டணும். கூட இருந்தா உள்ளே பிடிச்சுக்கலாம். குறைஞ்சா என்ன பண்ணுவே?"

"மருந்தை எப்படிப்பா உள்ளே பிடிப்பீங்க?"

"வாயைக் குறை" என்றாள் அம்மா.

பிப்ரவரி 4

குளம் ஒன்றும் பெட்டி இல்லை. நீள்வட்டம். ஓரமெல்லாம் சரிந்து இறங்குகிறது. துடைப்பக் கட்டையில் கோடு போட்டு, குறுக்கே நடுவாக ஒரு கயிறு கட்டி, ஐந்து இடத்தில் குத்திப் பார்த்தேன்: 30, 55, 85, 70, 40. சராசரி 56. தண்ணீர் நிற்கும் நீளம் 2.7, அகலம் 1.7. நீள்வட்டம் என்பதால் 0.785-ஆலும் பெருக்கினேன். 2018 லிட்டர். மருந்து நாற்பது மில்லி போதும். அப்பா கணக்கில் நூற்றிருபது!

தாளை மெஷின் மேல் வைத்தேன். துணி கொடுக்க வந்த ஓர் அக்கா, "என்னண்ணே, பரீட்சைப் பேப்பரா?" என்று எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டு என்ஜினியரம்மா பிளான் குடுத்திருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. அக்கா போனபிறகு அப்பா, "சரி, நாளைக்கு ஸ்கூல் விட்டு வா. சேர்ந்தே ஊத்தலாம்" என்றார்.

பிப்ரவரி 5

ஊற்றிவிட்டார். காலை பதினொரு மணிக்கே. நூற்றிருபது.

பிப்ரவரி 6

ஆறு மீன் போயிற்று. ஹெச்.எம். அதில் ஒன்று.

சொன்னேன்ல? சொன்னேன்ல நான்? பேப்பர் மெஷின் மேலதானே இருந்துச்சு! அது மேலயே சாக்பீஸை வெச்சிருக்காரு!

"நோய் முத்திப்போச்சும்மா. கல்லுல போய் மோதிக்கிட்டே இருந்துச்சு. நீ வர்ற வரைக்கும் பார்த்துட்டு இருக்க முடியல."

"நோய் இல்ல. நீங்க."

சொல்லிவிட்டேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சாடி இது?" மீனுக்காகப் பேச, அதைப் பெற்றவர்கள் யாரும் இல்லை. அதனால் நான் பேசுகிறேன்.

பிப்ரவரி 7

பேசவில்லை. அவரும்.

பிப்ரவரி 8

மீதி மூன்று மீன்கள் துணி அலசும் தொட்டியில். மருந்துத் தண்ணீர் முழுவதையும் அப்பா தனியாக இறைத்துக் கொட்டினார். நான் உதவவில்லை.

திரும்ப நிரப்பும்போதுதான் தோன்றியது: வாசலில் தண்ணீர் மீட்டர் இருக்கிறதே! முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண். கழித்தால் தீர்ந்தது. "யாரும் குழாயைத் திறக்காதீங்க!" என்று கத்தினேன். "பாத்திரத்தை என் தலையில தேய்க்கிறதா?" என்றாள் அம்மா. ஆனாலும் இரண்டு மணி நேரம் சிங்க் பக்கம் போகவில்லை.

ஆறாயிரம் என்ற வாய் இனி என்ன சொல்லும்? அதற்காகத்தான் மீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பழைய கறையைத் தொட்டதும் நிறுத்தினேன்.

1740.

2018 இல்லை. மூன்று தடவை கழித்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 9

கணக்கு டீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "அஞ்சையும் நடுக்கோட்டுலயே எடுத்திருக்கே. ஆழமில்லாத ஓரம் சுத்தி எவ்வளவு இருக்கு, அதை விட்டுட்டியே" என்றார். 1740 லிட்டருக்கு முப்பத்தைந்து மில்லிதான். என் மருந்தும் ஐந்து மில்லி கூடியிருக்கும்; அப்பாவுடையது எண்பத்தைந்து கூடிவிட்டது. ஐந்தும் எண்பத்தைந்தும் ஒன்றா? இல்லை. ஆனால் அடியில் சிவப்பு மையால் 'மிகச் சரியான அளவு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தது யார்? நான்தான். என் மேலேயே எரிச்சல். அப்பா மேல் உள்ளதும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 12

மூன்று மீன்களையும் அப்பா நேற்றுக் குளத்தில் விட்டார். இன்று ஒன்றின் வாலில் மறுபடி புள்ளி.

பிப்ரவரி 13

பள்ளி விட்டு வந்தபோது கடையில் அப்பா இல்லை. பாதி தைத்த சட்டைக் கை ஊசிக்கு அடியிலேயே கிடந்தது. தோட்டத்தில் குளத்துக்கல் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்து பாட்டில், மூடி திறக்காமல்.

"எவ்வளவு?" ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

"முப்பத்தஞ்சு."

அளவுக் கப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். கோட்டைத் தாண்டிவிட்டது. திருப்பிப் பாட்டிலில் விட்டு மறுபடி ஊற்றினார். அப்புறமும் குளத்தில் விடவில்லை.

"உன் பேப்பர்ல நாப்பதுன்னுல்ல போட்டிருந்தே?"

அப்போ படிச்சிருக்காரு! ஊற்றுவதற்கு முன்னாலா, மீன்களைப் புதைத்தபிறகா? நாக்கு நுனி வரை வந்தது. முன்னால் என்று சொல்லிவிட்டால்?

"அது தப்புப்பா. என் கணக்கும் தப்பு."

அப்பா சிரிக்கவில்லை. கப்பை என்னிடம் நீட்டினார். குளத்தைச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

பிப்ரவரி 17

புள்ளி உதிர்ந்துவிட்டது. மூன்றும் இரை எடுக்கின்றன.

அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. 'நீங்க' என்றதற்கு நானும் கேட்கவில்லை. சாப்பிட்டபின் ஊசியை நீட்டி, "கண்ணு தெரியல, கோத்துக் குடு" என்றார். கோத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்தேன். இன்னும் எழுதலாம், ஆனால் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.