ஈயப் பொட்டு

மைனி,

கேம் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே இன்னும் குங்குமம் இருக்கிறது. மூடியின் அடிப்பக்கம், உங்கள் மோதிர விரல் அகலத்துக்கு. தாராவி வீட்டைக் காலி செய்தபோது மாலாவில், அந்தப் பரணில், கிடந்ததாம். அண்ணன் அதை உங்கள் பழைய நைட்டி ஒன்றில் சுற்றி, கோபர்கைரனேயில் என் வீட்டுக்கு எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான். "தூக்கிப் போட மனசு வரல. நீ என்னமும் பண்ணிக்கோ" என்றான்.

அண்ணன் தனக்காகத்தான் அதைப் பழசாக வாங்கி வந்தான். ஆனால் நீங்கள் கல்யாணமாகி வந்து ஆறேழு மாதத்தில் அது உங்களுடையதாகிவிட்டது. ஊரில் சைக்கிள்கூட ஓட்டியறியாத நீங்கள், டிவியில் ஓடும் அந்தக் கார் பந்தயத்தில் வளைவுகளில் உடம்பையும் சேர்த்துச் சாய்த்து ஓட்டினீர்கள். முன்னால் போகிற காரைப் பார்த்து, "தள்ளிப் போலே, சவமே!" என்று கத்துவீர்கள். கீழ்வீட்டு மராத்தி அக்கா சண்டையென்று நினைத்து ஏணி ஏறி வந்தது நினைவிருக்கிறதா?

பிறகு அந்த ஆயுத பூஜை. அண்ணனின் தையல் மெஷின், மிக்ஸி, டிவி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு கேம் பெட்டியிடம் வந்தீர்கள். "இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சி?" மூடிக்கு வெளியே வைத்தது போதாதென்று உள்ளேயும் வைத்தீர்கள். சிடியைப் படிக்கும் லென்ஸைப் பார்த்து, "ஏட்டி, கண்ணு மாதிரி இருக்கு பாரு" என்று அதன் ஓரத்திலும் ஒன்று. மறுநாள் சிடி சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை. ஈர முந்தானையால் துடைத்ததில் லென்ஸில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லேமிங்டன் ரோட்டிலிருந்து அண்ணன் புது லென்ஸ் வாங்கி வந்தான். மாட்டுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை டிபன் மூடியில் வட்டமாக, கழற்றிய இடம் மறக்காதபடி வைத்தீர்கள். புது லென்ஸைத் திருப்பிப் பார்த்தபோது அதன் சர்க்யூட்டில் பளபளவென்று ஒரு துளி ஈயம்.

"இங்கன பாரு. பொட்டு வச்சில்லா அனுப்பியிருக்கான்!"

"ஈயம் மாதிரி இருக்கு, மைனி. எடுக்கணுமோ?"

"நல்லாருக்கணும்னு வச்சிருப்பான். பொட்டப் போயி யாராவது கலைப்பாவளா?"

பட்டை ஒயரைச் சொருகி, மூடி, கும்பிட்டு, ஸ்விட்சைப் போட்டீர்கள். சிடி நகரவே இல்லை. நீங்கள் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "என் கை ராசியில்லாத கை" என்றீர்கள்.

விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் நினைத்தேன். நீங்களோ அதைப் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப்பின் எந்தப் புதுச் சாமானையும் முதலில் தொடவில்லை. புது கிரைண்டர் வந்தபோது, "நீ போடு, நான் தொட்டா வெளங்காது" என்று விலகிக்கொண்டீர்கள். இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்றும், அடுப்பைப் பற்றவைக்கக் கூப்பிட்டேன். வாசலோடு நின்றுவிட்டீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் அவ்வளவு கோபம். நோய் வந்து படுத்தபோதும் அந்த எண்ணம் உங்களை விடவில்லை. அதோடேயே போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, இந்த லென்ஸை எப்படித்தான் மாற்றுகிறார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பம்பாய் இந்தியில் பேசிய ஒரு பையன், மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த ஈயத் துளியைக் காட்டி, "பெஹலே யே நிகால்னே கா" என்றான். முதலில் இதை எடுக்கணுமாம்! கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான், மைனி. நம் கையிலும் துணியிலும் ஊறும் மின்சாரம் பட்டாலே லென்ஸுக்குள்ளே இருக்கும் லேசர் செத்துவிடும். அது வழியில் சாகாமல் இருக்க, இரண்டு புள்ளிகளை ஈயத்தால் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தத் துளி இருக்கும்வரை கரண்ட் அதன் வழியாகவே ஓடிவிடும், லேசர் கெடாது, ஆனால் வேலையும் செய்யாது. நல்லாருக்கணும்னு வைத்தது என்று நீங்கள் சொன்னது சரிதான். கலைக்க வேண்டிய பொட்டு என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

மேல்மூடியைக் கழற்றி லென்ஸை மெல்லத் தூக்கினேன். துளி அப்படியே இருந்தது. பக்கத்து மொபைல் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கினேன். சூடு கூடினால் லேசர் போய்விடும். அப்படிப் போனால் உங்கள் கை எப்படிப்பட்டது என்று இனி யாருக்கும் தெரியாது. அயர்ன் முனையால் துளியைத் தொட்டு, மூச்சுவிடாமல் எடுத்தேன். துளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சிடியைப் போட்டேன். கரகரவென்றது, ஒரு நொடி தயங்கியது, பிறகு வேகமெடுத்தது. திரையில் உங்கள் கார்கள் வரிசையாக நின்றன. "மைனி!" என்று கத்தியேவிட்டேன். இந்தத் தடவை எந்த அக்காவும் ஏணி ஏறி வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

நான் எடுத்தது அந்தத் துளியை மட்டும்தான். நீங்கள் சொருகிய ஒயர் சொருகியபடியே இருக்கிறது. நீங்கள் முடுக்கிய ஸ்க்ரூ ஒன்றுகூட, நான் கழற்றும்வரை தளர்ந்திருக்கவில்லை.

நேற்று வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தது. "மைனி கை" என்று சொல்லித்தான் ஸ்விட்சைப் போட்டேன்.